சித்திரக்கதையும் தமிழ்ச் சொல்லும்

கற்றோர் படிக்கும் இத்தகைய மலரிற் சித்திரக்கதையைப் பற்றி எழுதப் புகுவோன், முதற்கண் தன் துணிவிற்கு மன்னிப்பு வேண்டிக்கொள்வது வழக்கமாயிருக்கின்றது. யான் அதனைச் செய்யப்போவதில்லை. பத்து வயதிற் பற்றிய ஆசை ஐம்பது கடந்த பின்னும் விடவில்லையெனின், அவ்வாசைக்குரிய பொருளில் ஆராயத்தக்கது ஏதேனும் இருத்தல் வேண்டும். அன்றேல் ஆசை கொண்டவனிடத்திற் குறை இருத்தல் வேண்டும். இவ்விரண்டில் எது உண்மையென்பதை மாணவ நண்பர்கள் இதனைப் படித்தபின் தாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

சித்திரக்கதை யென்பது யாது? படமுள்ள கதையெல்லாம் சித்திரக்கதையாகாது. ‘அம்புலிமாமா’ 1947-ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டுகள் அழகிய படங்களோடு கதைகளை வெளியிட்டு வந்தது. ஆயினும் அப்படங்களை நீக்கிப் படித்தாலும் கதை விளங்கும். ஆங்கே படம் அணிகலன். சித்திரக்கதையிலோ படமே வாக்கியம். ஒரு கட்டத்தில் ஒருவன் கதவின் பிடியிற் கை வைக்கின்றான். அடுத்த கட்டத்தில் அறையின் நடுவே திகைத்து நிற்கின்றான். கதவு திறந்ததையும், அவன் உட்புகுந்ததையும், ஏதோ ஒன்றைக் கண்டதையும் ஓவியர் வரையவில்லை. அவற்றை வரைந்தவன் படிப்பவனே. ஜெனீவா நகரத்துப் பள்ளியாசிரியராகிய ரொடால்ப் டாப்பர் 1830-களில் இத்தகைய கதைகளை அச்சிட்டு வெளியிட்டபொழுது, சொல்லின்றிப் படம் தெளிவுபடாது, படமின்றிச் சொல்லுக்குப் பொருளேயில்லை என்ற கருத்தைத் தாமே குறித்து வைத்தார். இன்றுவரை இதனினும் சிறந்த இலக்கணம் ஒருவரும் வகுத்ததாக யான் அறியேன்.

இவ்விலக்கணத்தை யான் கற்றது நூலினின்றும் அன்று, தறியினின்றும். எம் ஊராகிய இளம்பிள்ளை, சேலத்தை அடுத்துக் கஞ்சமலைக்கு அணித்தாய் உள்ளது. சேலை நெசவே ஊரின் உயிர். விசைத்தறியின் ஓசை தெருத்தோறும் நிறைந்துவிட்ட இக்காலத்தும், பூவேலையுள்ள சேலைக்கு ஜக்கார்டு என்னும் பொறியே ஆதாரம். அதனை அறியாதார் பொருட்டுச் சிறிது விரித்துரைக்கின்றேன். சேலையிற் காண விரும்பும் மாங்காயையோ மயிலையோ முதலிற் கட்டங்கள் நிறைந்த தாளில் வரைந்து, கட்டங் கட்டமாக வண்ணந் தீட்டுவர். பின்னர் அக்கட்டங்களின் ஒவ்வொரு வரிசைக்கும் ஏற்ப அட்டையில் துளைகள் இடப்படும். அட்டைகளைக் கயிற்றாற் கோத்துத் தறியின் மேலுள்ள பெட்டியில் ஏற்றுவர். ஓர் அட்டை வந்து நிற்கும். துளைக்கேற்பச் சில பாவிழைகள் எழும்பும். ஊடை ஒருமுறை ஓடும். அடுத்த அட்டை வரும். நூற்றுக்கணக்கான அட்டைகள் இவ்வாறு வந்து சென்ற பின்னரே மயில் தன் முழுவடிவு பெறும். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவராகிய ஜோசப் மரி ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டையொட்டி இயற்றிய இப்பொறியில் தனியட்டை ஒன்றைக் கழற்றிக் காட்டி, ‘இதில் மயில் எங்கே?’ என்று வினவுவார்க்கு விடையில்லை. சித்திரக்கதையின் தனிக்கட்டமும் அத்தகையதே.

என் தந்தையார் எழுத்தறியாதவர். தறியின் கட்டத்தாளை மட்டும் தவறின்றிப் படிப்பார். 1970-களின் இறுதியில், பள்ளி விட்டு வந்ததும் தறிக்குழியின் ஓரத்தில் அமர்ந்து, இரவல் வாங்கிய சித்திரக்கதையை அவர் கேட்க உரக்கப் படிப்பது என் வழக்கம். அவர் நாடாவை நிறுத்திப் படத்தை நோக்குவார். ஒருநாள், ஒரு கட்டத்தின் மேல் ஒரு விரலையும் அடுத்த கட்டத்தின் மேல் மற்றொரு விரலையும் வைத்து, “இதற்கும் அதற்கும் நடுவில் என்னடா ஆயிற்று?” என்று கேட்டார். யான் புத்தகத்திற் தேடினேன். அஃது அங்கே எழுதப்படவில்லை. ஆயினும் எனக்கு அது தெரிந்திருந்தது. சொன்னேன். “எழுதாததை எப்படிப் படித்தாய்?” என்றார். அவ்வினாவிற்கு விடை கூற அன்று என்னால் இயலவில்லை.

அன்று யான் படித்தது ‘இரும்புக்கை மாயாவி’. தமிழ்ச் சித்திரக்கதையின் சரித்திரத்தில் இதற்குத் தனியிடம் உண்டாதலின், இதன் தோற்றத்தை முதலிற் காண்போம். இங்கிலாந்தில் 1962-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழ் தொடங்கப்பெற்றது. அதன் முதலிதழிலேயே இக்கதை தொடராக வெளிவந்தது. எழுதியவர் கென் பல்மர். பின்னர் டாம் டல்லி என்பார் தொடர்ந்தார். வரைந்தவர் ஹெஸூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர், பார்சிலோனா நகரத்தவர். கதைத்தலைவன் லூயிஸ் கிராண்டெல், ஓர் ஆராய்ச்சிசாலையில் விபத்தொன்றில் வலக்கையை இழந்து எஃகினாற் செய்த கை பூண்டவன். மின்சாரம் அவன் உடலிற் பாயுங்கால் உடல் முழுவதும் மறைந்துவிடும்; எஃகுக்கை மட்டும் மறையாது. தொடக்கத்தில் இவ்வாற்றலைத் தீய வழியிற் செலுத்தியவன் பின்னர் மனந்திரும்பி ‘நிழற்படை’ என்னும் இரகசியப் படையில் உளவாளியாகின்றான்.

இங்கே ஓவியர்க்கு நேர்ந்த இடர்ப்பாட்டைச் சற்றே எண்ணுக. கதையின் தலைவன் கண்ணுக்குப் புலனாகாதவன். புலனாகாதவனை எங்ஙனம் வரைவது? பிளாஸ்கோ கையை மட்டும் வரைந்தார். அந்தரத்தில் ஒரு கை. அது தொலைபேசியை எடுக்கின்றது, கதவைத் திறக்கின்றது, காவலனின் கழுத்தைப் பற்றுகின்றது. எஞ்சிய மனிதனைப் படிக்குஞ் சிறுவனே ஒவ்வொரு கட்டத்திலும் ஆக்கிக்கொள்ளவேண்டும். கை உயர்ந்திருப்பின் அவன் நிற்கின்றான். தரையோடு தாழ்ந்திருப்பின் தவழ்கின்றான். சித்திரக்கதைகள் யாவும் கட்டங்களின் இடைவெளியைப் படிப்பவனுக்கு விட்டுவைப்பன. இக்கதையோ கட்டத்தின் உள்ளேயும் ஓர் இடைவெளியை விட்டு வைத்தது. தமிழ்நாட்டுச் சிறுவர் இதனிடம் கொண்ட பற்றுக்கு இதுவே முதற்காரணம் என்பது எனது துணிபு. (எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. கஞ்சமலை இரும்புத்தாது மிக்க மலை. மாயாவியின் கைக்கு வேண்டிய இரும்பு எங்கள் மலையிலிருந்தே கப்பலேறியதென்று யான் நெடுநாள் நம்பியிருந்தேன். இதனை மறுக்க எவரும் எனக்குச் சான்று காட்டவில்லை.)

நிற்க. இக்கதை தமிழிற் புகுந்த வரலாறு சிவகாசியைச் சார்ந்தது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். தீப்பெட்டிக்கு மேலொட்டும் வண்ணச் சீட்டு வேண்டும், பட்டாசிற்கும் வேண்டும். அச்சீட்டின் பொருட்டு அச்சகங்கள் எழுந்தன. பின்னர் நாட்காட்டிகளும் நாட்குறிப்புகளும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. படம் அச்சிடுதலிற் கைதேர்ந்த அவ்வூரிலேயே, 1972-ஆம் ஆண்டில் சௌந்திரபாண்டியன் என்பார் ‘முத்து காமிக்ஸ்’ என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் ஆசிரியப் பொறுப்பேற்றார். முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’.

இப்பெயரை ஆராய்ந்து பார்த்தல் பயன்தரும். ஆங்கிலத்தில் இத்தொடரின் பெயர் ‘ஸ்டீல் கிளா’. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘எஃகு நகம்’ என்றோ ‘எஃகுப் பறவைக்கால்’ என்றோ வரும். எந்தச் சிறுவனும் அதனைக் காசு கொடுத்து வாங்கான். தமிழாக்கியோர் எஃகை இரும்பாக்கினர்; இரும்பு என்பது கொல்லன் பட்டறையிலும் வீட்டுப் புறக்கடையிலும் வழங்குஞ் சொல். நகத்தைக் கையாக்கினர். அவ்வளவில் நில்லாது, கருவியின் பெயராயிருந்ததை ஆளின் பெயராக்கி ‘மாயாவி’ என்றனர். மாயாவி நமக்குப் பழையவன். வாலியைப் போருக்கு அழைத்துக் குகையிற் புகுந்த அசுரனை இராமாயணம் கேட்டார் அனைவரும் அறிவர். இலண்டன் ஆராய்ச்சிசாலைப் பணியாளன் ஒருவன் கிட்கிந்தையின் வழியாகத் தமிழ்நாட்டிற்குள் வந்தான் என்றாற் பிழையாகாது. மறைதலாகிய தன்மையும், அதனாற் பிறக்கும் அச்சமும் வியப்பும் ஒருங்கே அமைந்த அச்சொல்லை ஆங்கில மூலத்தில் தேடினாலும் காணமுடியாது.

இவ்வாறே லீ பாக் என்னும் அமெரிக்கர் 1936-ஆம் ஆண்டிற் படைத்த முகமூடி வீரன் ‘வேதாளர்’ ஆயினான். விக்கிரமாதித்தன் தோளிற் சுமந்த வேதாளத்தை அறிந்த சிறுவர்க்கு, சாவில்லாதவன் என்று காட்டுவாசிகள் நம்பும் ஒருவனை வேறு விளக்கமின்றி உணர்த்த அப்பெயரே போதுமானதாயிருந்தது. 1984-ஆம் ஆண்டில் தினத்தந்தி குழுவினர் தொடங்கிய ‘ராணி காமிக்ஸ்’ இதே வீரனுக்கு ‘மாயாவி’ என்று பெயரிட்டமையால், தமிழ்நாட்டில் இரண்டு மாயாவிகள் உலவலாயினர். எவன் மெய்யான மாயாவி என்று பள்ளி மைதானங்களில் நடந்த வாதங்களின் கடுமையை இன்றைய மாணவர் அறியார். அவ்வாதத்தில் எனக்கொரு பல் ஆடிப்போயிற்று.

பெயரைக் காட்டிலும் கடினமானது பேச்சு. சித்திரக்கதையிற் பாத்திரங்களின் பேச்சு, ‘பலூன்’ எனப்படும் வட்டத்தினுள் அடங்கவேண்டும். அவ்வட்டத்தின் அளவு அயல்மொழிக்கென முன்னரே வரையறுக்கப்பட்டது. ஆங்கிலத்தில் இரண்டு குறுஞ்சொற்களில் அடங்குவது தமிழில் ‘என்னால் முடியாது’ என்று எட்டெழுத்தாய் விரியும். எழுத்தின் வடிவமும் அகலமானது. வட்டத்தைப் பெரிதாக்கினால் ஓவியம் மறையும். எனவே தமிழாக்குவோர் சுருங்கச் சொல்லல் என்னும் அழகைத் தம் விருப்பத்தாலன்றி இடநெருக்கடியாற் பயின்றனர். நீண்ட வசனங்களை எழுதிப் பழகிய ஓர் எழுத்தாளரை ஒரு மாதம் இவ்வட்டங்களுக்குள் எழுதச் செய்தால், அவர் நடை திருந்துமென்பதில் எனக்கு ஐயமில்லை.

மற்றொன்று. ஆங்கிலேயர் தம் எதிரியையும், நண்பனையும், மேலதிகாரியையும், நாயையும் ஒரே முன்னிலைச் சொல்லால் விளிப்பர். தமிழிலோ ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். ஆகவே மூலத்திற் சொல்லப்படாத உறவைத் தமிழாக்குவோர் ஒவ்வொரு பலூனிலும் முடிவுசெய்கின்றனர். துப்பறிவோனைக் கொள்ளைக்காரன் ‘நீ’ என்கின்றானா, ‘நீங்கள்’ என்கின்றானா? முதற் பக்கத்தில் ‘நீங்கள்’ என்றவன் இருபதாம் பக்கத்தில் ‘நீ’ என்று தாழ்வானாயின், இடையே நட்பு முறிந்ததென்பதைச் சிறுவன் உணர்வான். இஃது ஓவியத்திலும் இல்லை, மூலத்திலும் இல்லை.

இத்தாலியில் 1948-ஆம் ஆண்டில் ஜியான்லூயிஜி பொனெல்லி எழுதவும் ஔரேலியோ கலெப்பினி வரையவும் தோன்றிய டெக்ஸ் வில்லர் கதைகளை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அமெரிக்க நாட்டு நவஜோ குடியினர் டெக்ஸிற்கு வழங்கிய பெயர் ‘இரவின் கழுகு’ என்று பொருள்படும். தமிழில் அவர் ‘இரவுக் கழுகார்’. அவருடைய நரைத்த தோழர் கார்சன் ‘வெள்ளிமுடியார்’. காக்கையார், நரியார் என்று பாட்டியின் கதையிற் கேட்ட அந்த ‘ஆர்’ விகுதி, டெக்ஸாஸ் பாலைவனத்திற் குதிரையூர்ந்து செல்லும் இருவரையும் நம் திண்ணைக்கு அழைத்து வந்துவிடுகின்றது. மரியாதையும் ஒரு மெல்லிய நகையும் அதிற் கலந்துள்ளன. இவ்விரண்டையும் ஒருங்கே தருவதற்கு இத்தாலிய மொழியில் எத்துணைச் சொற்கள் வேண்டுமோ!

ஓசையைக் குறிக்குஞ் சொற்களைப் பற்றி விரித்தெழுத இடமில்லை. துப்பாக்கி ‘டுமீல்’ என்றும், வீழ்ந்தவன் ‘தொப்’ என்றும், கத்தி ‘சதக்’ என்றும் ஒலிக்குமென நமக்குக் கற்பித்தவை இவைபோன்ற புத்தகங்களே. ஒலிக்குறிப்பும் இரட்டைக்கிளவியும் இலக்கணத்தில் இடம்பெற்றுள்ள மொழிக்கு இது புதிய வேலையன்று.

இனி, இத்தொழிலையே வாழ்வாகக் கொண்டாரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சௌந்திரபாண்டியனின் மைந்தர் விஜயன், சிறுவயதிலேயே இக்கதைகளிடையே வளர்ந்தவர். 1984-ஆம் ஆண்டு ஜூலை மாதம், இருபது வயதும் நிரம்பாத பருவத்தில் ‘லயன் காமிக்ஸ்’ என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். முதல் வெளியீடு ‘கத்தி முனையில் மாடஸ்தி’. பீட்டர் ஓடானலும் ஜிம் ஹோல்டவேயும் 1963-ஆம் ஆண்டில் இலண்டன் மாலைப் பத்திரிகையொன்றிற் படைத்த பெண்வீரரின் கதை. பெண்ணொருத்தியைத் தலைவியாகக் கொண்டு ஒரு சிறுவர் வெளியீட்டைத் தொடங்கியது துணிகரமான செயலே. அதனைத் தொடர்ந்து ஸ்பைடர் என்னும் குற்றச் சக்கரவர்த்தியின் கதைகள் வந்தன. சிறுவர் கூட்டம் அவன்பாற் பெருகியது. திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்று கிளைகளும் தோன்றின. பதிப்பாசிரியராகவும், மொழிபெயர்ப்பாளராகவும், வாசகர் கடிதங்களுக்கு விடையளிப்பவராகவும் ஒருவரே நின்று நாற்பதாண்டுகளாக உழைத்து வருவது எத்துறையிலும் அரிது. தொடக்ககால இடர்களையும் தவறுகளையும் ‘சிங்கத்தின் சிறுவயதில்’ என்னும் தொடரில் அவரே நகைச்சுவையோடு எழுதியுள்ளார்.

இக்காலத்தின் நடுவே ஒரு பெருந்தளர்ச்சி வந்தது. வீட்டிற்கு வீடு தொலைக்காட்சி புகுந்தது. இந்திரஜால் காமிக்ஸ் 1990-ஆம் ஆண்டோடும், ராணி காமிக்ஸ் 2005-ஆம் ஆண்டோடும் நின்றன. லயனும் முத்துவும் வருவதும் வாராதிருப்பதுமாய் இருந்தன. 2010-ஆம் ஆண்டில், பெல்ஜியத்து எழுத்தாளர் வான் ஹாமும் ஓவியர் வில்லியம் வான்சும் படைத்த நெடுங்கதையை ‘இரத்தப் படலம்’ என்னும் பெயரில் ஒரே பெருந்தொகுதியாகக் கறுப்பு வெள்ளையில் வெளியிட்டனர். தன்னை யாரென்று தானே அறியாத ஒருவன் தன் கடந்தகாலத்தைத் தேடிச் செல்லுங் கதை அது. 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் லயன் புத்துருவம் பெற்று, நல்ல தாளும் வண்ணப் பக்கங்களும் உடையதாய் மீண்டது. 2022-இல் முத்து காமிக்ஸ் பொன்விழாக் கண்டது. விலை சில்லறைக் காசுகளினின்றும் நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு உயர்ந்தது. வாங்குவோரும் சிறுவரல்லர், முன்னாட் சிறுவர். புத்தகச் சந்தையில் இவ்வெளியீட்டாரின் கடைமுன் யான் கண்ட கூட்டத்திற் பெரும்பாலோர் நரைத்த தலையினர். பேரனுக்கென்று சொல்லி வாங்குவார் ஒருவரைக் கண்டேன். பேரன் அருகில் நின்று கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். மகிழ்ச்சி தந்த காட்சியே. ஆயினும் அதில் ஒரு கவலையும் இருந்தது.

சித்திரக்கதை சிறுவரைக் கெடுக்குமென்னும் பழியும் உண்டு. இதனைப் புறக்கணித்துச் செல்லுதல் நேர்மையன்று. அமெரிக்க நாட்டு மனநோய் மருத்துவர் பிரெடரிக் வெர்த்தம், 1954-ஆம் ஆண்டில் இக்கதைகளே சிறுவரின் குற்றங்களுக்குக் காரணமென்று ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டே அந்நாட்டுப் பதிப்பாளர் தமக்குத்தாமே கட்டுப்பாட்டு விதிகளை வகுத்துக்கொண்டனர். மறுவருடம் இங்கிலாந்தில் ஒரு சட்டம் பிறந்தது. 1956-இல் நம் இந்தியப் பாராளுமன்றமும், இளையோர்க்குத் தீங்கிழைக்கும் வெளியீடுகளைத் தடுக்க ஒரு சட்டத்தை இயற்றியது. வெர்த்தமின் ஆவணங்கள் 2010-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்க்குத் திறந்துவிடப்பட்டன. கரோல் டில்லி என்னும் அம்மையார் அவற்றை ஆராய்ந்து, மருத்துவர் தம்மிடம் வந்த சிறுவரின் கூற்றுகளைத் திரித்தும், குறைத்தும், ஒன்றோடொன்று கலந்தும் நூலில் எழுதியிருப்பதை 2012-இல் எடுத்துக் காட்டினார். ஐம்பத்தெட்டாண்டுகள் ஒரு பழி நின்றது. அதன் அடிக்கல் நேரியதன்று. ஆயினும் வெளிவந்தவை எல்லாம் நல்லவை என்று யான் வழக்காடவில்லை. கறுப்பரையும் காட்டுவாசிகளையும் அறிவிலிகளாகக் காட்டும் பழங்கதைகள் பல உள. அவற்றை இன்று படிக்குங்கால் வெட்கம் மேலிடுகின்றது.

இதனினும் பெரிய குறையொன்று உண்டு. யான் சிறுவனாயிருந்தபொழுது பிளாஸ்கோவின் பெயரை அறியேன். அது தமிழ்ப் பதிப்பாளரின் பிழையன்று. மூலமாகிய ஆங்கில இதழே அக்காலத்தில் எழுதியோர், வரைந்தோர் பெயர்களை அச்சிடும் வழக்கமுடையதன்று. பல்லாயிரஞ் சிறுவர் ஒருவருடைய கையெழுத்தை முகம்போல் அறிந்திருந்தும் பெயரை அறியாதிருந்தனர். ஸ்பைடர் கதைகளிற் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவர். 1938-இல் அவரும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேன்மேல் தமக்கிருந்த உரிமை முழுவதையும் 130 டாலருக்கு விற்றுவிட்டனர். அதனாற் பிறர் பெருஞ்செல்வம் ஈட்டினர். சீகல் கடல் கடந்த ஓர் இதழுக்குப் பெயரின்றி எழுதினார். அக்கதைகள் தமிழில் வந்து, எம் தெருத் திண்ணையிற் சூப்பர்மேனினும் புகழ் பெற்றன. இதனை அவர் அறிந்தாரல்லர். நாமும் அவரை அறிந்தோமல்லோம்.

நம் ஓவியர் வரைந்த நம் கதைகள் யாவை என்று வினவின், விடை குறுகியது. தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ நாடோறும் வந்து, முடிவில்லாத எதற்கும் உவமையாய் நிலைத்துவிட்டது. வாண்டுமாமா பல சித்திரக்கதைகளை எழுதினார். சுப்பாண்டி என்னும் அசட்டு வேலைக்காரனை முதலில் எண்ணியவர் திருச்சிராப்பள்ளி வாசகர் ஒருவர் என்பதும், அவன் 1983-இல் ‘டிங்கிள்’ இதழில் ஆங்கிலத்திற் பிறந்தான் என்பதும் பலர் அறியாதன. இவை போதா. ஐம்பதாண்டுகள் அயலார் படத்திற்குச் சொல் தந்த மொழி, தன் சொல்லுக்குத் தானே படம் வரையப் பெரிதும் முயலவில்லை. படமிட்டுப் பூ நெய்யும் ஊர்கள் நம்மிடம் இருந்தும் இவ்வாறாயிற்று.

இனிச் சொல்ல வேண்டுவது ஒன்றே. யான் கல்லூரி விடுதிக்குச் சென்ற முதலாண்டில், என் தாயார் வீட்டைத் துப்புரவு செய்து, பரண்மேல் இருந்த கட்டுகளைப் பழந்தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். விடுமுறையில் வந்து கேட்டபொழுது, “அதெல்லாம் சின்னப்பிள்ளைப் புத்தகந்தானே ஐயா, நீதான் பெரியவனாகிவிட்டாயே” என்றார். அன்பினாற் சொன்ன சொல். யான் ஒன்றும் பேசவில்லை. தமிழ்நாட்டில் எத்தனை பரண்களில் இஃது நிகழ்ந்ததென்று கணக்கிடுவார் இல்லை. பொதுநூலகம் எதிலும் இவற்றை ஒழுங்காகச் சேர்த்து வைத்திருப்பதை யான் கண்டதில்லை. பெல்ஜியத்து பிரஸ்ஸல்ஸ் நகரில் 1989-ஆம் ஆண்டிலேயே சித்திரக்கதைக்கெனக் காட்சிசாலை திறக்கப்பட்டது. ஜப்பானியக் கியோட்டோவில், மாணவரின்றி மூடப்பட்ட ஒரு தொடக்கப்பள்ளிக் கட்டடத்தை 2006-இற் சித்திரக்கதைக் காட்சிசாலையாக்கினர். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் பிறர் குப்பையென்று தள்ளிய காலத்தில் தொகுத்து வைத்தமையாலன்றோ, 1994-இல் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நூலகம் சென்னையில் அமைந்தது? தமிழ்ச் சித்திரக்கதையின் சரித்திரம் இன்று எழுதப்படக் கூடுமாயின், அதற்குரிய பிரதிகள் தனியார் சிலரின் அலமாரிகளிலேயே உள்ளன. அவர்கள் முதுமையடைகின்றனர். அப்பிரதிகளின் தாளோ நாளிதழ்த் தாள். மடித்த இடத்தில் ஒடிகின்றது.

பின்னாளிற் சேலத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் மாயாவி கதை ஒன்று எனக்குக் கிடைத்தது. கடைசி இரண்டு பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. எனக்கு முன் அதனை வைத்திருந்த யாரோ ஒரு சிறுவன், பின்னட்டையின் உட்புறத்தில் அடிக்கோலால் ஆறு கட்டங்கள் இட்டு, பென்சிலால் முடிவை வரைந்து வைத்திருந்தான். ஐந்து கட்டங்களில் ஒரு கை மட்டும் உள்ளது. ஆறாவதில் ஒன்றுமே இல்லை. பிறகு அசல் பிரதியைத் தேடிப் பார்த்தேன். கதையின் முடிவு வேறு. என் அலமாரியில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. காண விரும்பும் மாணவர் வீட்டிற்கு வந்து காணலாம். எடுத்துச்செல்ல மட்டும் கொடேன்.